பத்தாவது பொம்மை

பிப்ரவரி பதினேழாம் தேதி, சனிக்கிழமை, மாலை ஆறு மணி பத்து நிமிடம். மாசி ஐந்து. பகலெல்லாம் அடித்த வெயில் இறங்கி, கிழக்கிலிருந்து காற்று வரத் தொடங்கியிருந்தது. கைபேசி இருபத்தேழு டிகிரி காட்டியது. தலைக்கு நேர் மேலே அரை நிலா. வில்லியனூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கத் திடலில் நூற்று இருபது பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வரிசைக்குப் பன்னிரண்டு, மொத்தம் பத்து வரிசை. நான்காவது வரிசையில் ஓரத்திலிருந்து இரண்டாவது நாற்காலியில் நான் உட்கார்ந்தேன்.

என் மகள் பொம்மையாட்டக்காரி. அன்றைக்கு அவள் ஆட்டப்போவது அவளுடைய அம்மாவின் கதை. அதாவது என் மனைவியின் கதை. மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாளில் நான் அவளிடம் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய் கதையில் வருமா வராதா என்று தெரிந்துகொள்ளத்தான் போயிருந்தேன். பொம்மையாட்டத்தில் எனக்கு விருப்பம் கிடையாது.

பொய்யைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷம் நான்கு மாதத்துக்கு முன்னால், சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய் மனைவி ஒன்பது நாள் கட்டிலில் இருந்தாள். ஒன்பதாம் நாள் காலை பதினொன்று இருபதுக்குக் கண் விழித்து, "பாப்பா வந்துட்டாளா?" என்று கேட்டாள். "போன் பண்ணேன். அவளுக்கு எங்கியோ ஆட்டம் இருக்குதாம். வர முடியாதாம்" என்றேன். நான் போன் பண்ணவே இல்லை. சாயங்காலம் மூன்று ஐம்பதுக்கு உயிர் போயிற்று. மகள் குடியிருந்த இடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பதினான்கு கிலோமீட்டர். நாலரை மணி நேரம் கையில் இருந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்குக் காரணம் உண்டு. அது நல்ல காரணமில்லை. மகள் அரசுத் தேர்வு எழுதி, முப்பத்தேழாவது இடத்தில் வந்து, ஓர் அலுவலகத்தில் இளநிலை எழுத்தராகச் சேர்ந்தாள். எங்கள் தெருவில் அறுபத்திரண்டு வீடுகள். அவற்றில் அரசு சம்பளம் வரும் வீடுகள் ஒன்பதாக இருந்தது பத்தானது. பதினான்கு மாதம் வேலைக்குப் போனாள். பதினைந்தாவது மாதம் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டு, துணி பொம்மை செய்து ஊர் ஊராக ஆட்டம் போடும் ஒரு குழுவில் சேர்ந்துகொண்டாள். பத்து மறுபடி ஒன்பதானது. பொம்மையை வைத்துப் பிழைப்பவள் என் வீட்டுப் படி ஏற வேண்டாம் என்றேன். அவளுடன் பேச மாட்டேன் என்றும் சொன்னேன். சொன்னபடியே பேசாமல் இருந்தேன்.

நான் முப்பத்தொரு வருஷம் நீர்ப்பாசனப் பிரிவில் எழுத்தராக இருந்தவன். காலை ஏழு மணிக்கு ஏரிக்குப் போய், மதகின் பக்கத்து அளவுகோலில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். மழையோ காய்ச்சலோ, ஒரு நாளும் விட்டதில்லை. மகளிடம் பேசாத நாட்களையும் அப்படியே எண்ணி வந்தேன். மனைவி கண் விழித்துக் கேட்ட அன்று ஆயிரத்து நூற்று நாற்பத்தொன்றாவது நாள். அந்தக் கணக்கை நானாகப் போய் அறுக்க மனம் வரவில்லை. போனை எடுத்தால் நான் தோற்றவன். கட்டிலருகே நின்றுகொண்டிருந்த அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது இவ்வளவுதான். மனைவி செத்துப்போவாள் என்று நினைக்கவில்லை என்று சொல்லலாம். ஆனால் டாக்டர் சொல்லியிருந்தார்.

மகள் சாவுக்கு வந்தாள். கருமாதி வரை பதினாறு நாள் இருந்தாள். நான் அவளுக்குத் தகவல் சொல்லவில்லை என்பதையும், அவள் பெயரால் என்ன சொன்னேன் என்பதையும் பக்கத்துக் கட்டில்காரம்மா அவளிடம் சொல்லிவிட்டார். பதினேழாம் நாள் காலை பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். என்னைத் திட்டவில்லை. அதற்கப்புறம் அவளும் பேசவில்லை.

இந்த நிலையில்தான், ஒரு வியாழக்கிழமை மச்சான் வந்தான். மனைவியின் தம்பி. பாகூரில் சிமெண்ட், கம்பி வியாபாரம்.

"மாமா, சனிக்கிழமை பாப்பா ஆட்டம். வில்லியனூர்ல. வரியா?"

"இன்னா கதை?"

"அக்கா கதைதான்."

"அக்கா கதைன்னா?"

"இன்னா மாமா, ரேஷன் கார்டு ஆபீஸ்காரன் மாரி கேட்டுனே இருக்கிற? அக்கா கதை. வந்து பாரு."

இரண்டு ராத்திரி தூக்கம் இல்லை. போகாவிட்டால், அது சொல்லப்பட்டதா என்று யாரையும் கேட்க முடியாது. போனால், நூறு பேர் நடுவில் உட்கார்ந்து கேட்க வேண்டும். சனிக்கிழமை நாலே முக்காலுக்கு அவன் பைக்கில் பின்னால் ஏறினேன். வில்லியனூர் வரை பத்தொன்பது கிலோமீட்டர். வேகத்தடைகள் முப்பத்தொன்று, சாராயக்கடைகள் ஆறு. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்றின் பின்னால் பதினோரு நிமிடம் மாட்டிக்கொண்டோம். மச்சான் வழியெல்லாம் கம்பி விலையைப் பற்றியே பேசி வந்தான்.

திடலில் ஒரு மூங்கில் பந்தல் போட்டு, வெள்ளைத் துணி இழுத்துக் கட்டியிருந்தார்கள். இருபது அடி நீளம் இருக்கும். படம் காட்டும் கருவி நாற்காலிகளுக்கு நடுவே ஒரு முக்காலியில் இருந்தது. அதிலிருந்து மேடை வரை தரையில் போன கேபிள்மேல் கோணிப்பை விரித்திருந்தார்கள். மேடைக்கு இடப்பக்கம் பாட்டுக்காரர்கள் மூன்று பேர்: ஆர்மோனியம் ஒருவர், மத்தளம் ஒருவர், வயலினோடு ஒரு பெண். பொம்மை ஆட்டுகிறவர்கள் நான்கு பேர். எல்லாரும் கறுப்புச் சட்டை, கறுப்பு பேண்ட். நான்கு பேரில் இரண்டாவது ஆள் என் மகள். மெலிந்திருந்தாள். அவளுக்கு முப்பத்து மூன்று வயது. வகிட்டோரம் நரை தெரிந்தது.

ஆறு நாற்பதுக்கு விளக்கை அணைத்தார்கள். தொண்ணூற்று நான்கு நாற்காலிகள் நிறைந்திருந்தன.

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. துணியில் ஓர் ஏரியின் படம் ஓடியது. அதன் முன்னால் வெள்ளைத் துணியில் செய்த பொம்மைகள், இரண்டரை அடி உயரம், ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு குச்சி, கையில் ஒரு குச்சி. படத்தில் ஓடும் தண்ணீர் பொம்மைகளின் மேலும் ஓடியது. நாரை போல ஒன்று, ஆடு போல ஒன்று, நாற்று நடும் பெண்கள் நான்கு. வயலினும் ஆர்மோனியமும் சேர்ந்து எழுந்தன. எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் கொண்டைக்கடலை தின்றபடி பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாடி இது, படமா கூத்தா?"

"ரெண்டும்தான். பேசாம பாரு."

"அந்தப் பொம்மைக்கு மூஞ்சே இல்லியேடி."

"வருது பாரு, வருது பாரு."

மகள் கொண்டுவந்து நிறுத்திய பொம்மைக்கு முகம் இல்லை. வெறும் வெள்ளைத் துணி. அவள் அதை ஓர் இடத்தில் சரியாக நிறுத்தியதும், படத்திலிருந்த ஒரு முகம் வந்து அந்தத் துணியில் உட்கார்ந்தது. என் மனைவியின் முகம். அது சிரித்தது, மூக்கைச் சொறிந்தது, "இன்னாடி போனை இப்டி வச்சினு இருக்கிற" என்றது. அவள் குரல்தான். பொம்மை ஒரு விரற்கடை நகர்ந்தால் முகம் நழுவி அப்பால் போய்விடும். மகள் அதை நழுவவிடவில்லை. அவள் பிடித்திருந்த கை ஆடவே இல்லை.

கூட்டம் கை தட்டியது. நான் தட்டவில்லை, பின்னாலிருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தில் மனைவிக்குப் பின்னால் இருந்தது என் வீட்டுச் சுவர். என் கடிகாரம். ஆணியில் என் சட்டை.

அதற்குப் பிறகு நான் படத்தை வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினேன். மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்து பொம்மைக்குத் துணி தைக்கிறாள், வெங்காயம் உரிக்கிறாள், பாட்டைப் பாதி மறந்து சிரிக்கிறாள். ஒவ்வொன்றிலும் சேலை வேறு. பச்சை, அரக்கு, கத்தரிப்பூ, பூப்போட்ட வெள்ளை, மாம்பழம், மறுபடி வேறொரு பச்சை, தீபாவளிக்கு நான் எடுத்த நீலம். ஏழு சேலை. கடிகாரம் எல்லாவற்றிலும் பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் நடுவில் நின்றது. தினமும் பத்து மணிக்கு நான் நூலகத்துக்குப் போய்ப் பன்னிரண்டுக்குத் திரும்புவேன். ஆக, மகள் குறைந்தது ஏழு தடவை என் வீட்டுப் படி ஏறியிருக்கிறாள். நான் ஆயிரத்து நூற்று நாற்பத்தொரு நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தபோது, அந்த நாட்களில் ஏழு, பதினொரு மணி வாக்கில் என் சமையலறையில் சிரித்துக்கொண்டிருந்திருக்கின்றன. மனைவி எனக்குச் சோறு போடும்போது அது அவள் முகத்தில் தெரிந்ததே இல்லை.

மச்சான் என் முழங்காலைத் தட்டினான். "இன்னா மாமா, நல்லாகீதா?"

"ஏழு சேலை" என்றேன்.

"சேலையா எண்ணினு இருந்த?" என்று சொல்லிவிட்டு மேடையைப் பார்த்தான்.

ஏழு மணி பன்னிரண்டுக்கு ஏரி போய், படத்தில் ஒரு நீண்ட நடைவழி வந்தது. பச்சைச் சுவர், மூன்று விளக்கு. ஆஸ்பத்திரி. மத்தளம் நின்று வயலின் மட்டும் ஒரே சுரத்தில் இழுத்தது. கட்டில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதில் மகள் அந்தப் பொம்மையைப் படுக்க வைத்தாள். மனைவியின் முகம் அதன்மேல் வந்து கண் மூடியிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முக்காலி. அதில் யார் வந்து உட்காரப்போகிறார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

எங்கள் பக்கத்துக் கூத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் நடக்கும்போதே, மனதுக்குப் பிடித்தவர்கள் எழுந்து மேடைக்குப் போய், வேஷக்காரர் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்திவிட்டு வருவார்கள். கட்டியக்காரன் ஆட்டத்தை நிறுத்தி, கொடுத்தவர் பேரையும் ஊரையும் உறவு முறையையும் சத்தமாகச் சொல்லுவான். தாய்மாமன் கொடுத்தால் தாய்மாமன் என்று சொல்ல வேண்டும். அப்பன் கொடுத்தால் அப்பன் என்று சொல்ல வேண்டும். சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருந்த பங்காளிகள் இப்படி நோட்டுக் குத்திப் பேசத் தொடங்கியதை நானே மூன்று தடவை பார்த்திருக்கிறேன். எத்தனை பெரிய கட்டமாக இருந்தாலும் ஆட்டம் நின்றுதான் ஆக வேண்டும்.

சட்டைப் பையில் ஐநூறு ரூபாய் நோட்டு ஒன்று இருந்தது. எழுந்தேன். பெற்ற பெண்ணைச் சபையில் கௌரவிக்கப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் கட்டம் வருவதற்குள் ஆட்டத்தை நிறுத்த வேண்டும், அதுதான் உண்மை. "மாமா, மாமா, உக்காரு" என்று மச்சான் வேட்டியைப் பிடித்து இழுத்தான். உருவிக்கொண்டு நடந்தேன்.

கூத்தில் பின்னாலிருந்து படம் வருவதில்லை. அது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. நடுவழியில் நான் நடக்க நடக்க என் நிழல் துணியில் எழுந்தது. முதலில் தலை, பிறகு தோள், பிறகு இருபது அடித் துணியில் பாதி. ஆஸ்பத்திரியின் மூன்று விளக்கும் அணைந்தன. கட்டிலில் இருந்த முகம் அணைந்து, அந்த இடத்தில் என் தலையின் கறுப்பு உட்கார்ந்தது. வயலின் நின்றது. ஆர்மோனியம் நின்றது. மத்தளக்காரர் என்னவோ நினைத்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்தினார்.

கூட்டத்தில் ஒருத்தன் கத்தினான்: "பெருசு நோட்டு குத்தப் போவுதுடோய்!"

"பேரு சொல்லு! பேரு சொல்லு!" என்று நாலைந்து பக்கமிருந்து சத்தம். சிரிப்பு. கை தட்டல்.

மகளுக்கு முன்னால் போய் நின்றேன். அவள் இரண்டு கையும் பொம்மையின் குச்சிகளில் இருந்தன. ஊக்கு கொண்டுபோக மறந்துவிட்டேன். அவள் சட்டையைத் தொடத் தைரியம் வரவில்லை. நோட்டைப் பொம்மையின் இடுப்பில் செருகினேன். துணிக்குள் ஒன்றும் இல்லை, பஞ்சும் மூங்கிலும்தான். மகள் என்னைப் பார்த்தாள். இரண்டு வருஷம் நான்கு மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. கன்னத்தில் மாட்டியிருந்த மைக்கில், கட்டியக்காரனின் ராகத்திலேயே சொன்னாள்:

"பாகூர் பக்கத்திலேர்ந்து வந்திருக்கிற பெரியவர் ஒருத்தர், நம்ம பொம்மையாட்டத்துக்கு ஐநூறு ரூபா அன்பளிப்பு குடுத்திருக்காரு. அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் எங்க எல்லாரோட வணக்கம்!"

கூட்டம் கை தட்டியது. அவள் மைக்கைக் கையால் மூடி, மெல்ல, "உக்காருங்க" என்றாள்.

திரும்பி வரும்போது கேபிள் தடுக்கி, யாரோ ஒரு பையன் தோளைப் பிடித்துக்கொண்டேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் மனைவியின் முகம் மறுபடி துணியில் வந்தது. பின்னால் இருந்த பெண்கள் சிரித்து முடித்திருக்கவில்லை.

வயலின் மறுபடி ஆரம்பித்தது. கட்டிலில் பொம்மை தலையைத் தூக்கியது. "பாப்பா வந்துட்டாளா?" என்று கேட்டது. மனைவியின் குரல் இல்லை, மகளின் குரல். முக்காலி காலியாக இருந்தது. யாரும் பதில் சொல்லவில்லை. பத்து விநாடி கழித்து மறுபடி கேட்டது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை கேட்டபோது குரல் பாதியில் நின்றுவிட்டது. முக்காலியில் யாரும் வந்து உட்காரவில்லை.

"யாராச்சும் சொல்லுங்களேண்டி அதுக்கு" என்றாள் பின்னால் இருந்தவள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"புருஷன் எங்க போய்ட்டான்?"

"செத்துருப்பான்டி. உயிரோட இருந்தா பக்கத்துல இல்லாமயா போய்டுவான்?"

என் பொய் வரவில்லை. நானே வரவில்லை. கதை முழுவதும் எண்ணிப் பார்த்தேன். ஒன்பது பொம்மைகளில் எதுவும் நான் இல்லை. இரண்டு நிமிடம் நன்றாக மூச்சு விட்டேன். மூன்றாவது நிமிடம், சபையில் என்னைச் செத்தவனாக்கிவிட்டாள் என்று கோபம் வந்தது. என் வீடு, என் சுவர், என் கடிகாரம் எல்லாம் இருந்தன. ஆணியில் என் சட்டை மட்டும்தான் நான்.

ஏழு முப்பத்தைந்துக்கு ஆட்டம் முடிந்து விளக்குப் போட்டார்கள். மச்சான் பைக்கை எடுக்கப் போனான். நான் மேடைப் பக்கம் போனேன். மகள் கீழே உட்கார்ந்து, ஒவ்வொரு பொம்மையையும் பழைய தலையணை உறைக்குள் போட்டு ஒரு தகரப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"டீ குடிச்சீங்களா?" என்று கேட்டாள், நிமிராமல். சின்ன வயதிலிருந்து என்னை "நீ" என்றுதான் சொல்லுவாள்.

"வேணாம்."

"போண்டா இருக்குது."

"வேணாம்." "ஒம்போது பொம்மையா?" என்றேன்.

"எண்ணிட்டீங்களா? தப்பு. பத்து."

"நான் ஒம்போதுதான் பாத்தேன்."

"ஒண்ணு பொட்டியிலயே இருந்துச்சு."

கேட்காமல் இருந்திருக்கலாம். காட்டச் சொன்னேன். அடியிலிருந்து ஓர் உறையை எடுத்துப் பிரித்தாள். கம்பியை வளைத்துச் செய்த மூக்குக் கண்ணாடி. சட்டைப் பையில் தைத்து வைத்த சின்ன நோட்டு. நீலக் கட்டம் போட்ட சட்டை, அது என்னுடைய பழைய சட்டைத் துணி. அந்தச் சட்டை கிழிந்துவிட்டது, பாத்திரக்காரனுக்குப் போட்டேன் என்று மனைவி சொல்லியிருந்தாள். தோளில் ஒரு கிழிசல், ஒட்டுப் போட்டுத் தைத்திருந்தது.

"அம்மா தச்சது. அப்ப வேற கதைக்கு, கணக்குப்பிள்ளை பொம்மைன்னு தச்சுக் குடுத்தாங்க. அதையே இந்தக் கதையிலயும் வச்சோம்."

"இன்னிக்கு இல்லியே."

"ரெண்டு ஆட்டத்துல இருந்துச்சு. சுத்துக்கேணியில ஒண்ணு, ஏம்பலத்துல ஒண்ணு."

"முக்காலியிலயா?"

"ஆமா."

"பேசுச்சா?"

"பேசுச்சு." உறையை நீவிக்கொண்டே சொன்னாள்: "நீங்க சொன்னதத்தான் சொல்லுச்சு. ஒரு வார்த்த கூடக் கொறையல."

ஏம்பலத்தில் எங்களுக்குப் பத்துப் பதினைந்து வீடு சொந்தம் உண்டு. கல்யாணம், காதுகுத்து என்று மாதத்துக்கு ஒரு தடவை, போன வாரம்கூட, அவர்களுடன் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டே என்னைப் பார்த்திருக்கிறார்கள்.

"அப்புறம் ஏன் எடுத்துட்ட? எனக்காகவா?" என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லுவாள் என்று நினைத்துத்தான் கேட்டேன்.

"ஏம்பலத்துல ஒரு பொம்பள செருப்பக் கழட்டி வீசிச்சு. முக்காலியில இருந்த பொம்மை மேல. தோள் கிழிஞ்சு போச்சு." கிழிசலை விரலால் தடவினாள். "ஒட்டு நான் போட்டது. மீதியெல்லாம் அம்மா கையால போட்ட தையல். இன்னொரு செருப்பு தாங்காது. அதான் பொட்டியில வச்சிட்டேன்."

"எனக்குக் குடு அத."

"இல்ல. அது அம்மாவுது."

"பாப்பா, அன்னிக்கு நான்..." என்று தொடங்கினேன். மீதி வரவில்லை. அவள் காத்திருந்தாள். பிறகு பொம்மையை உறைக்குள் போட்டு, பெட்டியை மூடிக் கொக்கி மாட்டினாள்.

"வூட்டுக்கு வா" என்றேன்.

"பத்து மணிக்கு மேல வரணுமா?" என்றாள். முகத்தில் கோபம் இல்லை. நான் எண்ணிவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு பேர் வந்து பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்க, மறுபக்கத்தை அவள் தூக்கினாள். "பாத்துப் போங்க, கேபிள் இருக்குது" என்று சொல்லிவிட்டு வேன் பக்கம் நடந்தாள்.

பைக்கில் பாதித் தூரம் வந்தோம். டீக்கடை ஒன்றில் மச்சான் நிறுத்தினான். காசு நான் கொடுத்தேன். டீயை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"ஏம்பலத்துல நானும் பாத்தன் மாமா."

"பாத்துட்டுத்தான் என்ன இட்டாந்தியா?"

"ஆமா."

"முக்காலியில என்ன உக்கார வச்சி நான் பாக்கணும்னு?"

"பின்ன? எங்க அக்கா கேட்டுச்சுல்ல, 'பாப்பா வந்துட்டாளா'ன்னு. நானு அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல டீ குடிச்சினு நின்னன். எங்கிட்டச் சொல்லியிருந்தா அரை மணியில இட்டாந்திருப்பன். ஏன் மாமா சொல்லல நீ?"

டீ சூடாக இருந்தது. ஊதிக்கொண்டே இருந்தேன்.

"சரி வுடு" என்றான். "நீ எழுந்து போனப்ப, மேடையிலயே எல்லாத்தையும் ஒத்துக்கப் போறேன்னு நெனச்சன். நோட்டு குடுத்துட்டு வர." அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "செருப்பு யாருதுன்னு கேக்கல நீ" என்றான்.

"யாருது?"

"எங்க வூட்டு அம்மாவுது."

மச்சானின் மனைவி. என் மனைவி போன பிறகு தினமும் மத்தியானம் எனக்குக் குழம்பு கொடுத்தனுப்புகிறவள். ஏம்பலத்து ஆட்டம் பொங்கல் முடிந்த வாரம் நடந்ததாம். அதற்குப் பிறகும் ஒரு நாள்கூடக் குழம்பு நிற்கவில்லை. உப்பு, காரம் எதிலும் வித்தியாசம் இல்லை.

"ஒத்த செருப்பு மேடையிலயே போச்சி. திரும்ப போய்க் கேக்கவா முடியும்? வெறுங்கால்ல வந்து வண்டியில ஏறிச்சி. ஒரு மாசமா என் ரப்பர் செருப்பத்தான் போட்டுனு திரியுது. புதுசு வாங்கினா உங்க அண்ணனத்தான் வாங்கித் தரச் சொல்லுன்னு நான் கிண்டல் பண்ணன். வுழுந்து வுழுந்து சிரிச்சிது."

திங்கட்கிழமை காலை நூலகத்துக்குப் போகவில்லை. பாகூர் கடைத்தெருவில் செருப்புக்கடை திறக்கும்வரை நின்று, ஏழாம் நம்பர், பின்வார் வைத்தது, கறுப்பு, ஒரு ஜோடி வாங்கினேன். மச்சான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவன் மனைவி அடுப்படியில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"இன்னாண்ணா, இந்நேரத்துல?"

பையை நீட்டினேன். பிரித்துப் பார்த்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. முகம் கொஞ்சம் சிவந்தது, ஆனால் குனியவில்லை. தரையில் போட்டு மாட்டிக்கொண்டு கூடத்தில் நாலு அடி நடந்து பார்த்தாள்.

"கொஞ்சம் டைட்டுண்ணா."

"மாத்தித் தரேன்."

"வேணாம், போட போட சரியாய்டும்." பிறகு, செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அக்கா கேட்டப்ப நீங்க ஒரு போனு பண்ணியிருக்கலாண்ணா."

"பண்ணியிருக்கலாம்" என்றேன். அந்த வார்த்தையை நான் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லவில்லை.

அவள் உள்ளே போய்க் குழம்புத் தூக்கைக் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக்கொண்டு வந்தேன்.

ராத்திரி நோட்டில் கணக்கு எழுதினேன். மச்சான் வண்டிக்கு நான் போட்ட பெட்ரோல் நூறு. டீ இரண்டு, இருபத்து நான்கு. அன்பளிப்பு ஐநூறு. செருப்பு முந்நூற்று எண்பத்தைந்து. ஆக மொத்தம் ஆயிரத்து ஒன்பது ரூபாய்.